எதிர்க்கடை போர்டு

2023 செப்டம்பர் 16, சனிக்கிழமை. சென்னை ரிச்சி தெருவில், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் முதல் மாடிக் கடை ஒன்றில், அவளுக்கும் கூட வந்த கொழுந்தனுக்கும் இரண்டு டீ வந்தது. ஒன்றில் சர்க்கரை இல்லை.

கடைக்காரர் நவ்ஷாத் அதை அவள் கொழுந்தன் பரிதியின் பக்கம் நகர்த்தினார்.

சர்க்கரை இல்லாதது அவனுக்கு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கடைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறேன் என்று பரிதி ரயிலில் சொல்லியிருந்தான்.

அவன் டீயை ஊதிக் குடித்தான்.

கண்ணாடி மேசைமேல் பெட்டிகள் இருந்தன. ராம். பவர் சப்ளை. இருந்ததிலேயே மலிவான கேபினெட். இவற்றுக்குப் பணம் கட்டி முடித்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றின் சீலையும் நகத்தால் தடவினாள். ஒன்று ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. மாற்றித் தரச் சொன்னாள். நவ்ஷாத் மாற்றித் தந்தார்.

அவர் மறுபேச்சில்லாமல் மாற்றியதுகூட அவளுக்குச் சரியாகப் படவில்லை.

புராசசர் அவளே தேர்ந்தெடுத்தது. வேகத்தைக் கூட்டி ஓட்டக்கூடிய ரகம். அப்படி ஓவர்கிளாக் செய்வது எப்படி என்று எத்தனையோ வீடியோக்கள் பார்த்திருந்தாள். நகை வாங்கப் போட்ட சீட்டுப் பணத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாது. எல்லாப் பாரத்தையும் புராசசர்தான் இழுக்க வேண்டும்.

வடபழனியில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோ அவளுக்குச் சோதனையாக ஒரு காட்சி கொடுத்திருந்தது. திங்கள் காலை பத்து மணிக்குள் அதை ரெண்டர் செய்து முழு வீடியோவாக்கித் தந்தால், வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. வேகத்தைக் கூட்டினால்தான் அதற்குள் முடியும்.

மிச்சம், இதையெல்லாம் பொருத்தும் மதர்போர்டு.

"இதைப் போட்டுக்கலாம் அண்ணி," என்றான் பரிதி.

அவன் காட்டியதுதான் விலை கூடியது.

"எதிர்க்கடையில இதைவிடக் கம்மியா ஒண்ணு பார்த்தேனே."

"அது வேலைக்கு ஆவாது அண்ணி."

"இந்த புராசசருக்குப் பொருந்தும்னு டப்பாவுலயே போட்டிருக்கு."

"பொருந்தும்மா," என்றார் நவ்ஷாத். "கம்ப்யூட்டர் நல்லா ஓடும். ஸ்பீடு மட்டும் ஏத்த முடியாது. அந்த போர்டு விடாது."

பரிதி தலையாட்டினான். ஒருவர் நிறுத்திய இடத்தில் இன்னொருவர் தொடங்குவதாக அவளுக்குத் தோன்றியது.

அவள் தன் டீயைத் தொடவில்லை.

"இவனுக்கு எவ்ளோ தர்றீங்க பாய்?"

பரிதி கப்பைக் கீழே வைத்தான்.

நவ்ஷாத் சிரித்தார். "ஆள் கூட்டிட்டு வந்தா கமிஷன் தருவேம்மா. உங்க தம்பிக்கும் உண்டு. அதுக்காக போர்டு பொய் சொல்லுமா?"

"அண்ணி, கமிஷன் வாங்குறது நெசம்தான். ஆனா போர்டு விஷயம்..."

"நீ பேசாத."

அவள் படியிறங்கி எதிர்க்கடைக்குப் போனாள். எதிர்க்கடைக்காரர் எந்த புராசசருக்கு என்று கேட்கவில்லை. யாருடன் வந்தாள் என்று கேட்கவில்லை. டீ சொல்லவில்லை. அவள் காட்டிய மதர்போர்டுப் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அவளுக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் பரிதி அவள் வீட்டுக்கு வந்தான். வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

தரையில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் பூட்டினான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதையும் மாற்றி வைக்கவில்லை.

முதல் தடவையிலேயே திரை ஒளிர்ந்தது.

செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, அதில் சொன்னபடி செட்டிங்ஸுக்குள் போனாள். வீடியோவில் இருந்தவர் வேகத்தைக் குறிக்கும் ஓர் எண்ணைத் தொட்டு உயர்த்தினார். அவள் திரையில் அந்த எண் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அழுத்தினாள். அசையவில்லை.

மேலிருந்து மறுபடி தேடினாள். வீடியோவைப் பின்னால் தள்ளி இன்னொரு தடவை பார்த்தாள்.

அன்று ஞாயிறு. திருப்பிக் கொடுக்கக் கடை இல்லை.

பரிதி மிஞ்சிய திருகாணிகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

"சாப்ட்டுப் போ."

"வேலை இருக்கு அண்ணி."

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அவள் ரெண்டரைத் தொடங்கினாள்.

திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குக் காட்சி முடிந்தது. அதற்குள் ஸ்டூடியோ வேலையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தது.