ஃபார்ம் போனா வீட்டுக்குப் போ!

"தூக்குங்கய்யா அந்தாளை! இன்னும் எத்தனை மேட்ச்சுக்குத்தான் தோள்ல வெச்சு சுமக்கிறது?"

மெக்கானிக் கத்துன கத்துல சலூன் கண்ணாடியே அதிர்ந்துது.

சுவத்து டிவியில நம்ம ஓப்பனர் மறுபடியும் ஸ்லிப்ல கேட்ச் குடுத்துட்டு, மட்டையை அக்குள்ல இடுக்கிக்கிட்டு வந்த வழியே போய்க்கிட்டிருந்தாரு.

"வெளிய போற பந்துக்கு மட்டைய நீட்டுறான் பாரு, நிக்காத பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி!" தையல்காரர் எந்திரிச்சு நின்னு நடிச்சே காட்டினாரு.

"கால் நகருதா பாத்தியா? சிமெண்ட் வெச்சுப் பூசி விட்டிருக்காங்க."

"கேட்டா, அன்னிக்கு டபுள் செஞ்சுரி அடிச்சாரேங்கிறாங்க. நான்கூடத்தான் ஒண்ணாங்கிளாஸ்ல முதல் ராங்க். அதுக்காக என்னை இப்போ ஆபரேஷன் பண்ணச் சொல்வியா?"

நாற்காலியில, கழுத்து வரைக்கும் துணி போத்தி உக்காந்திருந்தவர் சிரிச்சாரு. எதிர் மாடிக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகல. தெருவுல எல்லாருக்கும் அவர் 'புதுசு'. மறுநாள் புது ஆபீஸ்ல முதல் நாள், அதான் தலைய கொண்டுவந்து குடுத்திருந்தாரு.

அந்தத் தலைக்குப் பின்னாடி மாஸ்டர். கடைக்கு முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குற ஆள், எல்லாம் அவரேதான். ஒரு கண்ணு டிவியில, ஒரு கண்ணு தலையில. கை மட்டும் ரெண்டு கண்ணு பேச்சையும் கேக்கல.

"வெட்கம் வேணும்யா!" மாஸ்டர் கத்திரிய ஆகாசத்துல ஆட்டினாரு. "பிடி தளர்ந்துச்சா, மரியாதையா தானே ஒதுங்கிடணும். என்னை எடுத்துக்க. எவனாவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'மாஸ்டர், கோணலா இருக்கு'ன்னு சொல்லட்டும். அன்னிக்கே ஷட்டரை இறக்கிட்டு, பின்னாடி ரூம்ல போய் சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவேன்."

"அது ரோஷக்காரன் பேச்சு!"ன்னாரு தையல்காரர்.

புதுசு கண்ணாடியைப் பாத்தாரு. சிரிப்பு நின்னு போச்சு.

வலது கிருதா காதுக்கு மேலேயே முடிஞ்சு போயிருந்துது. இடது கிருதா காது மடலைத் தாண்டி இறங்கிக்கிட்டிருந்துது. நெத்தியில மாடிப்படி மாதிரி ஒரு வெட்டு. கத்திரி பிடிச்ச கை கிடுகிடுன்னு ஆடுது. மேட்ச் பாக்குற பரபரப்புன்னுதான் இவ்வளவு நேரம் அவர் நினைச்சிருந்தாரு.

"மாஸ்டர்... இந்தப் பக்கம் கொஞ்சம் கோ..."

"ஆகா!" மெக்கானிக் குறுக்கே விழுந்தான். விழுந்த வேகத்துல புதுசோட கால் மேல ஒரு மிதி. "என்ன வெட்டு மாஸ்டர்! சார் முகத்துக்கே ஒரு களை வந்துடுச்சு!"

"சினிமாவுல சேத்துக்குவாங்க"ன்னாரு தையல்காரர்.

"என்னமோ சொல்ல வந்தாரே?" மாஸ்டர் கத்திரிய நிறுத்தினாரு. முகம் லேசா மாறிடுச்சு.

"கோடு! கோடு போட்ட மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தாரு. இல்ல சார்?" மெக்கானிக் முறைச்ச முறைப்புல, புதுசோட தலை தானா ஆடுச்சு.

அப்பத்தான் அவர் இவங்க தலைங்களைப் பாத்தாரு. மெக்கானிக் பின்னந்தலை எலி கொறிச்ச பாய். தையல்காரருக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ரெண்டும் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில நடந்த திருவிளையாடல்.

'எங்கேயோ ஆடுறவனை இந்தக் கிழி கிழிக்கிறாங்க. பக்கத்துல நிக்கிறவர்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. ஜால்ராப் பசங்க!' மனசுக்குள்ள திட்டிக்கிட்டாரு புதுசு.

டிவியில டீ பிரேக்.

"ஒரு வண்டிய பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன், மாஸ்டர். இதோ வந்துடறேன்." மெக்கானிக் நழுவினான்.

"எனக்கு ஒரு சட்டைக்குப் பட்டன் தைக்கணும்." தையல்காரரும் காணாம போனாரு.

"சீக்கிரம் வாங்கடா! அடுத்து வர்றவனும் சொதப்பல் மன்னன்தான். திட்டுறதுக்கு ஆள் வேணும்!"ன்னு வாசல் வரைக்கும் வந்து கத்தினாரு மாஸ்டர்.

புதுசும் எந்திரிச்சாரு. கைக்குட்டையால இடது காதை மூடிக்கிட்டு, பல்வலிக்காரர் மாதிரி தெருத்தெருவா தேடி, பின் தெருவுல ஒரு சலூனைக் கண்டுபிடிச்சு உள்ள நுழைஞ்சாரு.

முதல் நாற்காலியில மெக்கானிக். ரெண்டாவது நாற்காலியில தையல்காரர். கழுத்து வரைக்கும் துணி.

"வாங்க சார்"ன்னான் அந்தக் கடைக்காரன். "மாஸ்டர் வெட்டா? பாத்தாலே தெரியுது. உக்காருங்க, இவங்களைச் சரி பண்ணிட்டு வந்துடறேன்."

புதுசுக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துது. "ஃபார்ம் போனா தூக்கணும்னு நீங்கதானேய்யா தொண்டை கிழியக் கத்துனீங்க?"

"அது ஓப்பனர், சார். அவனைத் தூக்கினா விளம்பரத்துல நடிச்சுப் பொழைச்சுக்குவான்"ன்னான் மெக்கானிக்.

"அது சரி, திரும்பிப் போனா இந்தத் தலையைப் பாத்து அவருக்குத் தெரிஞ்சு போயிடாதா?"

"நீங்க வேற!"ன்னாரு தையல்காரர். "போன தடவை இங்க சரி பண்ணிட்டுப் போனேன். அவரே என் தலையைத் தடவிப் பாத்துட்டு, 'இப்படி வெட்ட இந்த ஊர்ல இன்னொருத்தன் இருக்கானா?'ன்னு கேட்டாரு."

பின் தெருக்காரன் கத்திரிய நிறுத்தாம சிரிச்சான்.

மெக்கானிக் மட்டும் சிரிக்கல. சுவத்துக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்தான்.

"சீக்கிரம் முடிப்பா. டீ பிரேக் முடியறதுக்குள்ள நாங்க அங்க இருக்கணும். கடை காலியா இருந்தா, அந்த மனுஷன் தன் கையைப் பாக்க ஆரம்பிச்சுடுவாரு."