ஆறு மணிச் செய்தி

“லயத்து வீடுகளை இடிக்க விடமாட்டேன் என்று சொல்லிவந்த வேட்பாளர் அமிர்தலிங்கம், நாளைய தேர்தலிலிருந்து விலகிவிட்டார்” என்றது ஒலிபெருக்கி. ஆபீஸ் ரேடியோவிலிருந்து கம்பி இழுத்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குத் தினமும் செய்தி போடுவது ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியின் ஏற்பாடு.

“மத்தியானம்கூட ரிங்லெட் டவுன்ல அவரைப் பார்த்தேன். ஓட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு” என்றாள் ஆபீஸ் கூட்டும் வேலாயி.

“ரேடியோக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா லா?” என்று சிரித்தான் கணவன் முனியாண்டி. “விலகினவருக்கு ஓட்டைப் போட்டு என்னா பண்றது? நாளைக்கு எல்லாரும் மத்தவருக்குத்தான்.”

வேலாயிக்கு மனம் ஆறவில்லை. வேறு ஸ்டேஷன் வைத்துக் கேட்போம் என்று மேட்டிலிருந்த ஆபீஸுக்கு ஓடிக் கதவைத் தள்ளினாள்.

மேசையில் ரேடியோ இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் மைக்கின் முன்னால் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிராணி.

“அடப்பாவிகளா, இருங்க. இப்பவே போய்ச் சொல்றேன்” என்று திரும்பினாள் வேலாயி.

கிராணி பதறவில்லை. இரண்டு வரி எழுதி அவனிடம் நீட்டினார். அவன் தலைநிமிராமல் வாசித்தான்.

“இப்போது கிடைத்த செய்தி. தோட்ட ஆபீஸில் பல வருடங்களாகத் திருடிவந்த வேலாயி என்ற பெண் இன்று கையும் களவுமாகப் பிடிபட்டார்.”

கீழே லயத்திலிருந்து முனியாண்டியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இத்தனை வருசமா என்கிட்டயே மறைச்சிட்டாளே.”