அவிழ்த்த பிறகும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடத்து ஆடி மாதம். போடியை ஒட்டிய முதியோர் விடுதியில் நடுப்பகல். காற்றில் கூரை ஓடுகள் தடதடக்கின்றன. கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயில் பன்னிரண்டு கட்டில்களின் மேல் மெல்ல நகர்கிறது. ஓர் இருமல் சத்தம்கூட இல்லை. இன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஜெபராணி முதல் கட்டிலின் போர்வையை விலக்குகிறாள். கிழவர் ஒச்சாண்டியின் இரண்டு மணிக்கட்டுகளும் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. “இத யாரு கட்டுனது?” என்கிறாள். வாசலில் நிற்கும் ஆயா சாராள் குரலைத் தாழ்த்துகிறாள். “எந்திரிச்சு நடந்தா விழுந்துருவாகன்னு மேட்ரன் அம்மாதான் எல்லாரையும் கட்டச் சொன்னாக. அவுக்காதீகம்மா, வேலை போயிரும்.” “போனாப் போகட்டும்.” ஜெபராணி குனிந்து, இறுகிப்போன முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறாள். கிழிசல் தரையில் விழுகிறது. கைகள் மட்டும் அசையவில்லை. கட்டியிருந்த இடத்திலேயே சட்டத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. “அவுத்தாச்சு அய்யா, கைய எடுங்க.” கிழவர் அவளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே கேட்கிறார்: “எடுக்கலாமாத்தா?” ஜெபராணி நிமிர்ந்து மற்றக் கட்டில்களைப் பார்க்கிறாள். “எடுங்கய்யா” என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறாள். சொன்னதும், மற்றக் கட்டில்களில் ஒவ்வொரு போர்வைக்கு அடியிலும் ஏதோ இழுபடுகிறது. அவள் அடுத்த கட்டிலுக்குப் போகிறாள்.