காலிக் கட்டம்

மானிட்டரைப் பார்த்ததுமே தனபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்தத் திருமணத் தகவல் மையம். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு மஞ்சள் துணியில் உறை தைத்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பொட்டு வைத்த கம்ப்யூட்டரில் புரோகிராம் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

அதை எழுதியவள் அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். ஆறு மாதக் கோர்ஸ் முடித்து இங்கே ஆபரேட்டராக வந்தவள். விஷுவல் பேசிக்கில் எல்லாம் தானே எழுதியதாம். ஆபரேட்டருக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

கணபதி பகுதியில் தனபால் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து மட்டும் வருடத்துக்கு இருநூறு பேர் இப்படிக் கிளம்புகிறார்கள். அவர்கள் செய்கிற தப்பெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஃபைலைத் திறப்பார்கள், மூட மாட்டார்கள். தப்பு வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று முதல் வரியிலேயே எழுதி வைத்துவிட்டு, எர்ரரே வரலீங்க சார் என்று பூரித்துப் போவார்கள்.

பெஞ்சில் இருந்த பெரியவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அங்கப்பன், கோவில்பாளையத்து விவசாயி. எந்த லிஸ்ட்டிலும் ஒரு பெண்ணின் பெயர் வருவதே இல்லை என்று மையத்தின் முதலாளி போனில் சொன்னாரே, அந்தப் பெண்ணின் அப்பா.

"ரெண்டு வருசமாச்சுங்க. ஒரு சாதகங்கூட வரலீங்க. பொண்ணுக்கு என்னமோ கொறைன்னு ஊருக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம பொண்ணுங்க..."

தனபால் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தான். பெண்ணைப் பெற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நட்சத்திரம், பாதம் வரைக்கும் போய்த்தான் நிற்பார்கள்.

"நானே பாத்துக்கறனுங்க சார். உங்களுக்கு எதுக்குங்க செரமம்?" என்றாள் அவள்.

பார்த்துக்கொள்கிறாளாம். இரண்டு வருடமாகப் பார்த்துக் கிழித்தது போதாதா?

அவன் புரோகிராமைத் திறந்தான். முதல் பக்கம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது பக்கமும். மூன்றாவதில் அவனே ஒரு நிமிடம் நின்று படிக்கும்படி நாலு வரி இருந்தது. எவனோ எழுதியதை ஃபிளாப்பியில் வாங்கி வந்து ஒட்டியிருக்கிறாள் என்று முடிவு கட்டினான்.

லிஸ்ட் போடுகிற கணக்கும் சரியாகவே இருந்தது. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. அதனால் பெண்ணின் கூட்டமும் மாப்பிள்ளையின் கூட்டமும் வேறு வேறாக இருந்தால் மட்டும் ஜாதகம் லிஸ்ட்டில் ஏறும்.

பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். பிரவீனா, வயது இருபத்தாறு, கோவில்பாளையம். பதிந்த வருடம் தொண்ணூற்றைந்து. நட்சத்திரம் இருந்தது, உயரம் இருந்தது. கூட்டம் என்ற கட்டம் மட்டும் காலி.

நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

காலிக் கட்டம் எதற்கும் சமமில்லை, எதிலிருந்தும் வேறும் இல்லை. தனக்குத் தெரியாததைக் கம்ப்யூட்டர் எதோடும் ஒப்பிடாது. சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்துவிடும். முதல் மாதப் பாடம். இது தெரியாமல் ஒரு பெண்ணின் இரண்டு வருடத்தை வீணடித்திருக்கிறாள். தனபாலுக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அதிலும் ஒரு வேடிக்கை. பெயர் பதிகிற ஃபாரத்தில் கூட்டத்தை விட்டுவிட்டால் அது சேவ் பண்ணவே விடாது. மற்ற எல்லோருக்கும் அந்தக் கட்டம் ஒழுங்காக நிரம்பியிருந்தது. இந்த ஒரு பெயரில் மட்டும், தகவலெல்லாம் சேர்ந்திருக்கும் டேபிளுக்குள் நேராகப் போய்த்தான் அழித்திருக்க வேண்டும். அரைகுறைகள் டேபிளில் கை வைத்தால் இப்படித்தான்.

"ஏனுங்க அம்மணி, படிச்சவங்கதானுங்க நீங்க? ஒரு பொண்ணோட வாழ்க்கைங்க இது. உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா?"

மரியாதை குறையாமல் திட்டுவதற்கு இந்த ஊர்க்காரனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை எடுக்கச் சொன்னான். பீரோ சாவியைக் காணவில்லை என்றாள். அதையும் அவன் எதிர்பார்த்திருந்தான்.

"தூரன் கூட்டமுங்க," என்றார் பெஞ்சிலிருந்து அங்கப்பன்.

தனபால் அதை அடித்தான். பிரிண்ட் கொடுத்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக் கத்தி அடித்து முடித்தபோது காகிதம் தரையைத் தொட்டது. அறுபத்து மூன்று மாப்பிள்ளைகள்.

அங்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, இவனைவிட முப்பது வயது பெரியவர், கையெடுத்துக் கும்பிட்டார். தனபாலுக்கு மனசு நிறைந்துபோனது. அந்த மஞ்சள் உறையைத் தூக்கி வீசிவிட்டு இந்த ஊருக்கே பாடம் எடுக்கலாம் போலிருந்தது.

அங்கப்பன் காகிதத்தைப் பத்திரமாக மடித்தபடியே குரல் கொடுத்தார்.

"பிரவீனா, பையை எடு கண்ணு. நேரத்துல ஊட்டுக்குப் போயி அம்மாகிட்டச் சொல்லலாம்."

நாற்காலிக்குப் பின்னால் நின்றவள் குனிந்து பையை எடுத்தாள்.

தனபாலின் விரல்கள் கீபோர்டிலேயே இருந்தன. அவற்றைத் தாண்டிக் கை நீட்டி அவள் மானிட்டரை அணைத்தாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா அது நல்லாத்தானுங்க சார் ஓடிட்டிருந்துச்சு."