ஏரிக்கரைக் கோயிலுக்கு ஒன்பது நிமிடம்

சுற்றுலா பஸ் பாலம் தாண்டியதும் மைக்கைக் கையில் எடுத்தேன்.

இங்கிருந்து ஏரியைச் சுற்றி வளையமாக ஓடுகிறது சாலை. கரையில் இருக்கும் கோயிலுக்கு ஒன்பது நிமிடம். என் கதையும் ஒன்பது நிமிடம். ராஜா கனவு கண்டு, ஏரி வெட்டி, கோயில் கட்டி முடித்ததும் "அதோ பாருங்கள்" என்பேன். நான் சொல்லி வாயை மூடவும் வளைவில் கோபுரம் தெரியவும் சரியாக இருக்கும்.

பயணிகள் என்னை மெச்சுவார்கள். மெச்ச வேண்டியது டிரைவரை.

நான் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைப்பார். நான் ராஜாவை அவசரமாகச் சாகடித்தால் அவரும் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். மூன்று வருடத்தில் ஒருநாளும் அரை நிமிடம் பிசகியதில்லை.

இத்தனைக்கும் நான் பேசுவதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரியாது. வருகிறவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் மொழியை நான் படித்துத் தேறியவள். அவர் அந்தப் பக்கமே போனதில்லை. எப்படித்தான் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கண்ணாடி துடைக்கப் போய்விட்டார்.

சரியான கல்லுளிமங்கன்.

ஆபீசில் டிரைவர்களை எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். இவரை மட்டும் நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு முப்பத்தேழு வயது. யாரை அண்ணே என்று கூப்பிடக் கூடாது என்பது தெரியாத வயதில்லை.

தலைமை அலுவலகத்தில் மேசை வேலை தருகிறேன் என்கிறார் மேலாளர். அது வேறு ஊர். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். காலையில் இவரிடம் சொன்னேன். போகாதே என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், போக மாட்டேன்.

"நல்ல வேலைதாங்க" என்றார். டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அந்த எரிச்சலோ, வெளியே இறங்கியிருந்த பனியோ, ராஜா எனக்கு வரவில்லை. இன்றைக்கு வேறு கதை என்று பயணிகளின் மொழியில் ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு பஸ்ஸில் ஒருத்தி பேசிக்கொண்டே வருவாள். ஒருவன் பேசாமலே ஓட்டுவான். பயணிகளைப் பார்த்தபடி நிற்பதால் அவள் முதுகு எப்போதும் சாலைப் பக்கம். கோபுரம் வருவதை அவள் பார்ப்பதே இல்லை. உட்கார்ந்திருப்பவர்களின் முகம் நிமிர்வதை வைத்துத்தான் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வாள். அவனையும் அப்படித்தான், பார்க்காமலே தெரியும். முதுகுக்குப் பின்னால் இருக்கிறான் என்ற தெம்பில்தான் அவளுக்குப் பேச்சே வருகிறது.

முப்பது பேரும் அசையவில்லை. முன் இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஜன்னலில் ஏரி வெள்ளையாக வந்தது, போனது, மறுபடியும் வந்தது. குடை பிடித்துக்கொண்டு ஒருவர் கரையோரம் நடந்து போனார். சற்றுப் பொறுத்து, அவரைப் போலவே இன்னொருவர். மரங்கள் வேரில்லாமல் நின்றன. பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை.

ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்னேன். மறுநாள் மைக் மாட்டும் கொக்கிக்குக் கீழே ஒரு ஃப்ளாஸ்க் இருந்தது. உள்ளே வெந்நீர். யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அன்றிலிருந்து லீவு நாள் தவிர எல்லா நாளும் வெந்நீர் இருந்தது. அவனைவிட அந்த ஃப்ளாஸ்க்தான் அவளிடம் அதிகம் பேசியிருக்கிறது.

யாரோ மெல்லச் சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஒன்பது நிமிடம் எப்போதோ ஆகியிருக்க வேண்டும். பனியில் மெதுவாகத்தானே ஓட்டுவார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முகமும் நிமிரவில்லை. கோபுரம் இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில், யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். அவன் இல்லாத ஊரில் எவ்வளவு பெரிய மேசை கொடுத்தாலும், அவள் அதன் முன்னால் ஊமையாகத்தான் உட்கார்ந்திருப்பாள் என்றேன்.

மைக்கை அணைத்தேன். பஸ்ஸும் நின்றது.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார். கோபுரம் ஏற்கெனவே இரண்டு தடவை வந்துவிட்டுப் போனதாம். நிமிர்ந்து பார்த்தால் நான் கதையை நிறுத்திவிடுவேனே என்று, முப்பது பேரும் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்களாம்.

அவர்கள் செய்தது சரி. அவர்களுக்குக் கதை புரிந்தது.

நான் திரும்பினேன். கண்ணாடி முழுக்கக் கோபுரம் நின்றது. அதை எங்கே பார்த்தேன்? ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, காது மடல் சிவக்க, நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத்தான் பார்த்தேன்.

"நீங்க நிறுத்தல. அதான் நானும் நிறுத்தல" என்றார்.

மேலாளருக்கு என்ன பதில் என்பது எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. இறங்குவதற்காக எழுந்த ஒன்றிரண்டு பேர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்கள்.

"இன்னும் இருக்கு. ஓட்டுங்க" என்றேன்.