கூண்டுக்கு வெளியே

"இன்னொரு தடவை கம்பியை இழுத்துப் பாருங்க," என்றாள் மனைவி.

வெல்டர், தன் வீட்டு முயல் கூண்டின் கம்பியைப் பிடித்து உலுக்கிக் காட்டினார். அசையவில்லை.

"தரைக்குள்ளயும் வலை பதிச்சிருக்கேன். தோண்டினாலும் நரியால உள்ள வர முடியாது. போதுமா?"

"நேத்து சாயங்காலமும் வந்துச்சேங்க!" மனைவி வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். கூண்டின் மூலையில் முயல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒடுங்கியிருந்தன.

"அதான் எனக்கும் புரியல. பக்கத்து வீட்டுலயும்தான் முயல் வளர்க்கறாங்க. அதுவும் ஓட்டைக் கூண்டு. அங்க எட்டிக்கூடப் பார்க்காத நரி, நம்ம வீட்டையே ஏன் சுத்துது?"

அவள் குனிந்து முயல்களுக்குப் புல் போட்டாள்.

வெளிச்சம் மங்கியதும் வேலியோரம் நரி வந்து நின்றது. வெல்டர் கம்பை ஓங்கினார். அது ஓடவில்லை. அவரைத் தாண்டி அடுக்களைக் கதவையே பார்த்தது.

"அடிக்காதீங்க!" என்று மனைவி கையைப் பிடித்தாள். "வயிறு நிறைஞ்சிருந்தா முயல் மேல வாய் வைக்காதுன்னு, மிச்சம் மீதியை தினமும் நான்தான் இங்க கொண்டுவந்து வைக்கிறேன்."

"அடிப்பாவி! நான் பூட்டு போடறேன், நீ விருந்து வைக்கிறியா?"

அது அவள் காதில் விழவில்லை. நரிக்குப் பின்னால் வேலி இடுக்கில் குட்டிகள் வரிசையாக எட்டிப் பார்த்தன.

"ஐயோ, இன்னைக்குக் குடும்பத்தோட வந்திருக்கே! எடுத்து வச்சது பத்தாதேங்க!"