கண் கட்டிய குதிரை

ஜட்கா குதிரையின் முள் கிழித்த இமையைத் தைத்துவிட்டு, தூசியில் சிவந்திருந்த மறு கண்ணையும் சேர்த்துக் கட்டினார் மாட்டு டாக்டர் கஸ்தூரிரங்கன்.

மாமல்லபுரத்தில் பெருமாள் சேவிக்கத் தனியாகக் கிளம்பிய அவர் மனைவி கோமளம், ஜட்காவில் ஏறத் தயங்கினாள்.

"கண் தெரியாம எப்படின்னா போகும்?"

"தினமும் நான் மாடு பார்க்கப் போற வழிதானே. அதுக்கு மனப்பாடம்."

குதிரை ஒழுங்காகத்தான் போயிற்று. சவுக்குத் தோப்பருகே ஒரு குடிசை வாசலில் தானாக நின்றது. வண்டிக்கார ஏசுபாதம் எவ்வளவு அதட்டியும் அசையவில்லை.

"ஏன் நின்னுடுத்து?"

"பேஜாரு புடிச்ச குதிரம்மா," என்றான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

குடிசைக்காரி ஓடிவந்து, வண்டிக்குள் பார்க்காமலே தட்டை நீட்டினாள்.

"இன்னா டாக்டரய்யா, இன்னிக்கு சீக்கிரமா? நெத்திலி இப்பத்தான் வறுத்தேன்."

கோமளம் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏசுபாதம், சூடு ஆறறதுக்குள்ள வண்டியை ஆத்துக்குத் திருப்பு."